கொட்டை, பால், பலகை

ஆகஸ்ட், செப்டம்பர் வெயிலில் ரப்பர்க் காட்டுக்குள் நின்றால் தலைக்கு மேலே பட் பட்டென்று வெடிக்கும். மூன்று அறை கொண்ட காய் காய்ந்து முறுகி, ஓட்டுக்குள் ஏறியிருந்த இறுக்கம் ஒரே நொடியில் அவிழ, கொட்டைகள் பதினைந்து மீட்டருக்கு அப்பால்கூடத் தெறித்து விழும். புக்கிட் பெலிம்பிங் பக்கமும் கோல சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களிலும் பால் மரம் நின்ற காலத்தில், லயத்துப் பிள்ளைகளுக்குக் காசில்லாத விளையாட்டுச் சாமான் கடை அந்த மரத்தடிதான்.

இரண்டு கொட்டைகளை உள்ளங்கைக்குள் வைத்து நெருக்கி, உடைந்தவன் தோற்றான் என்பது ஓர் ஆட்டம். பருப்பைத் தோண்டி எடுத்து, குச்சி செருகி, நூல் சுற்றி இழுத்தால் விர்ரென்று சுழலும் காற்றாடி. சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சூடு வைப்பது இன்னொன்று. ஓடு கட்டை போன்றது, வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும்; அதனால்தான் தேய்த்த பக்கம் சுட, பிடித்திருக்கும் விரலுக்கு ஒன்றும் ஆவதில்லை.

கொட்டை மேலிருக்கும் புள்ளிக் கோலத்திலும் அறிவியல் உண்டு. விதையின் ஓடு தாய் மரத்தின் திசுவிலிருந்து உருவாவது. மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தாலும் அதில் மாற்றம் இராது. ஆகவே ஒட்டுக்கட்டி வளர்த்த ஒரே ரக மரங்களின் கொட்டைகள் எல்லாம் ஒரே சாயலில் இருக்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ரகங்களைக் கொட்டையை வைத்தே அடையாளம் சொல்லும் வழக்கம் ரப்பர் ஆராய்ச்சியாளர்களிடம் உண்டு. எந்த மரத்துக் கொட்டை ‘கெட்டி’ என்று சரியாகத் தெரிந்து வைத்திருந்த பையன்களும் ஒருவகையில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் நினைவுபடுத்திவிட்டு, ‘அந்தக் காலத்தில் எல்லாம் இயற்கை, பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் இல்லை’ என்று முடிப்பவர்கள் நிறைய பேர். அங்கேதான் எனக்கு ஒத்துவராது. ரப்பர்க் கொட்டைப் பருப்பில் லினமரின் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் அதேதான். பச்சையாக மென்றால் கொட்டையில் உள்ள நொதி அதை உடைத்து, கடைசியில் ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். ஊறவைத்து வேகவைத்தால் பெருமளவு போய்விடும். ஆனால் காற்றாடி செய்யும் பிள்ளை எதையும் வேகவைப்பதில்லை. பருப்பைத் தோண்டிய கையைக் கழுவச் சொல்வதும், வாயில் போட்டுப் பார்க்கும் வயதுக் குழந்தை பக்கத்தில் இருந்தால் அதைத் தூக்கி அப்பால் உட்காரவைப்பதும் பெரியவர்களின் வேலை.

நஞ்சு இல்லாவிட்டாலும் அளவு இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்க உலகமெங்கும் ஓர் உருளையைப் பயன்படுத்துகிறார்கள். விட்டம் 31.7 மில்லிமீட்டர், சின்னக் குழந்தையின் தொண்டையை நினைத்துச் செய்த அளவு. அதற்குள் முழுவதுமாக அடங்குகிற எந்தப் பொருளும் அந்த வயதுக்கு ஆகாது. ரப்பர்க் கொட்டை அடங்கும். பல்லாங்குழிப் புளியங்கொட்டை, சோங்காக் ஆடும் கோலி எல்லாமே அடங்கும். ஏழு வயதுப் பிள்ளைக்கு நல்ல ஆட்டமாக இருப்பது, பக்கத்தில் தவழும் தம்பிக்கு மூச்சடைப்பு.

கொட்டைகளிலேயே நான் மிகவும் பயப்படுவது குண்டுமணிக்கு. சிவப்பு உடம்பில் கறுப்புப் பொட்டு. பிள்ளையார் கண்ணுக்கு வைப்பார்கள், ஒருகாலத்தில் தங்கம் நிறுத்தார்கள். அதனுள் இருக்கும் அப்ரின் என்ற புரதம் ஆமணக்கின் ரிசினுக்கு நெருங்கிய உறவு. உயிரணுவுக்குள் புகுந்தால் அங்கே புரதம் உருவாகும் வேலையையே நிறுத்திவிடும். ஓடு கெட்டியாக இருப்பதால், முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றதும், மாலை கோக்கத் துளையிட்டதும்தான் ஆபத்து. 2011-இல் இங்கிலாந்தின் ஈடன் பிராஜெக்ட் தாவரப் பூங்கா, தான் விற்ற குண்டுமணிக் கைவளையங்களை இதற்காகவே திரும்பப் பெற்றது. கைவினை, இயற்கை விதை என்ற நல்ல பெயரெல்லாம் அவற்றுக்கும் இருந்தது. நம் நாட்டுச் சாலையோரங்களில் உதிர்ந்து கிடக்கும் மஞ்சாடி, மலாய்க்காரர்கள் சாகா என்பது, வேறு மரம். கறுப்புப் பொட்டு இராது, முழுச் சிவப்பு. நான்கு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிராம். இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடக் கூடாது. மஞ்சாடியும் சின்னக் குழந்தைக்கு வேண்டாம்.

இனி பால். வெட்டுக்கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றினால் கூரை வரை எழும்பும் பந்து. மனிதர்கள் ரப்பரில் செய்தவற்றில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவையும் பந்துகள்தான்: மெக்சிகோவின் எல் மனத்தி சதுப்பில் எடுத்தவை, ஏறக்குறைய கி.மு. 1600. அவர்கள் வேறொரு மரத்தின் பாலோடு ஒரு கொடியின் சாற்றைக் கலந்து துள்ளலைக் கூட்டினார்கள். சார்லஸ் குட்இயர் 1839-இல் கந்தகமும் சூடும் சேர்த்து ரப்பரை உறுதியாக்கியதற்கு மூவாயிரம் ஆண்டுக்கு முந்திய கைப்பக்குவம்.

இயற்கை ரப்பரில் செய்த பல்கடிப்பான்கள் இப்போது நல்ல விலைக்கு விற்கின்றன. நல்லவைதான். ஆனால் பாலை ரப்பராக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்களிலிருந்து நைட்ரோசமைன்கள் உருவாகலாம் என்பதால், வாயில் வைக்கும் ரப்பருக்கு ஐரோப்பாவில் கடுமையான வரம்பு உண்டு. பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒவ்வாமையும் தரும். இவற்றையெல்லாம்விட எளிய ஆபத்து ஒன்று ஒவ்வொரு பிறந்தநாள் வீட்டிலும் தொங்குகிறது. பலூனும் இயற்கை ரப்பர்தான். வெடித்த துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அதன் வடிவத்துக்கே வளைந்து காற்று வழியை முழுவதும் மூடிவிடும். மூச்சுத்திணறிக் குழந்தைகள் இறப்பதற்கு வேறெந்த விளையாட்டுச் சாமானையும்விட அதிகக் காரணம் பலூன் என்கிறது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். எட்டு வயது வரை பெரியவர் பார்வையில்லாமல் கொடுக்க வேண்டாம் என்று பொட்டலத்தில் போட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை.

மரத்தின் கதை கொஞ்சம் வித்தியாசமானது. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்த மரத்தை வெட்டினால், முன்பெல்லாம் அது புகைக்கூட்டுக்கு விறகு. வெளிர் நிறம், கடைவதற்கு இணக்கமான இழை இருந்தும் யாரும் பலகையாக்கவில்லை. காரணம் உள்ளே நிறைந்திருக்கும் மாவுச்சத்து. அறுத்த ஓரிரு நாளிலேயே நீலப் பூஞ்சணம் படரும், வண்டு துளைத்து உளுத்துவிடும். கெப்போங் வன ஆராய்ச்சி நிலையம் உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு, போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை நிலைபெற்றது. மலேசிய மேசை நாற்காலிகள் உலகம் சுற்றத் தொடங்கியது அப்படித்தான். தாய்லாந்திலும் பால் வற்றிய மரத்திலிருந்து விளையாட்டுச் சாமான் செய்யும் தொழில் வளர்ந்திருக்கிறது. புதிதாகக் காட்டை அழிக்காமல் கிடைக்கும் மரம் என்ற வகையில் இதைவிட நல்ல பொருளைக் காண்பது கடினம்.

ஆனால் போரான் நீரில் கரையும். விளையாட்டுச் சாமானிலிருந்து எவ்வளவு போரான் வெளியேறலாம் என்று ஐரோப்பிய விதியில் வரம்பு உண்டு. குழந்தைக்கென்று முறையாகச் செய்து மேற்பூச்சு போட்ட சாமானைக் கண்டு பதற வேண்டாம். நாற்காலித் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட துண்டுகளை இழைத்து, பல் முளைக்கும் குழந்தைக்குக் கடிக்கக் கொடுப்பதுதான் கூடாது. மலேசியாவில் எம்.டி.எஃப். பலகைகளும் பெருமளவு இந்த மரத்தின் நாரிலிருந்தே வருகின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருப்பது பசை. பிரித்ததும் கண் எரிகிற மாதிரி நெடி வந்தால் ஃபார்மால்டிஹைடு, கடையிலேயே வைத்துவிட்டு வரலாம்.

மரத்தைவிடப் பூச்சைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். 2007-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 15 லட்சம் ‘தாமஸ்’ ரயில் சாமான்களைத் திரும்பப் பெற்றார்கள். எல்லாம் மர ரயில்கள். சிவப்பு, மஞ்சள் சாயத்தில் ஈயம் இருந்தது. ஐ.எஸ்.ஓ. 8124 தரத்தின்படி பூச்சிலிருந்து கரைந்து வரும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 2009-ஆம் ஆண்டு விளையாட்டுச் சாமான் விதிமுறைகளால் மலேசியாவிலும் இந்தத் தரம் வந்தது, எம்.சி. முத்திரை அதற்குத்தான். இரவுச் சந்தையில் முத்திரையில்லாத பளபளப்பான மரக் கட்டையைவிட, பூச்சே இல்லாத கட்டையை நான் எடுப்பேன். அம்பாசமுத்திரம் மரச் செப்பும் கர்நாடகத்தின் சன்னபட்டண பொம்மையும் வேறு வழியில் போனவை: கடைசல் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடிக்கும். அரக்கால் பயமில்லை. அதில் கலந்த நிறம் தாவரச் சாயமா, கடைச் சாயமா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

இன்று கோல சிலாங்கூரில் பால் மரத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இதே மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. பின்னாளில் செம்பனை எல்லாத் திசையிலும் பரவிவிட்டது. செம்பனை மட்டை பிள்ளைகள் விளையாட லாயக்கில்லை, ஓரமெல்லாம் முள். கீழே கிடப்பதையும் யோசித்துத்தான் பொறுக்க வேண்டும். பாரக்குவாட் 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டாலும் வேறு களைக்கொல்லிகள் அடிக்கப்படுகின்றன. மருந்து அடித்த நிரையில் கிடக்கும் ஓலையும் கொட்டையும் வீட்டுக்கு வரக் கூடாது. வாசல் தென்னை இருந்தால் அது போதும். ஓலைப் பாம்பும் ஓலைப் பந்தும் பின்னும்போது ஈர்க்கை உருவி எடுத்துவிடுங்கள், கண்ணில் குத்துவது அதுதான். சிரட்டையின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, நாரைச் சுரண்டி, சுடுநீரில் கழுவிக் காயவைத்தால் ஒரு வயதுக் குழந்தை தட்டி விளையாட நல்ல தாளம். உருளைச் சோதனையிலும் தேறும்.