இருப்புக் கிரயமும் இலாபம் என்னும் தோற்றமும்

இலாபம் என்பது எண்ணி அறியப்படும் ஒரு பொருள் அன்று. கணிப்பு முறையொன்றின் விளைவே அது. விற்கப்படாது எஞ்சிய இருப்புக்கு எக்கிரயத்தை இடுகின்றோம் என்பதிலேயே அவ்வாண்டின் இலாபம் பெரிதும் தங்கியுள்ளது.

முதலில் கிரயம் யாதெனத் தெளிதல் வேண்டும். கொள்விலை, இறக்குமதித் தீர்வை, உட்கொணரும் செலவு ஆகியன அதிற் சேரும். வியாபாரக் கழிவு நீக்கப்படும். விற்பனைச் செலவும் வழமைக்கு மீறிய சேதமும் அதில் அடங்கா.

எடுத்துக்காட்டாக, வணிகர் ஒருவர் 100 மூடை அரிசியை மூடை 8,000 ரூபாவுக்கும், பின்னர் 100 மூடையை 12,000 ரூபாவுக்கும் வாங்கி, அதன்பின் 100 மூடையை 13,000 ரூபா வீதம் விற்கின்றார் எனக் கொள்வோம். விற்பனை வருவாய் 1,300,000 ரூபா. முதல் வந்தது முதற் செல்லும் முறையில் இலாபம் 500,000 ரூபா. நிறையளித்த சராசரி முறையில் 300,000 ரூபா. கடைசி வந்தது முதற் செல்லும் முறையில் 100,000 ரூபா மட்டுமே. சரக்கும் சந்தையும் ஒன்றே, இலாபமோ மூன்று.

முதன்முறைப்படி கண்ட 500,000 ரூபாவையும் வரியாகவும் பங்கிலாபமாகவும் வெளியேற்றினால், எஞ்சும் 800,000 ரூபாவுக்கு 66 மூடைகளே வாங்கலாம். விலையேற்றத்தை இலாபமெனக் கருதியதன் விளைவு இது. மறுபுறம், கடைசி முறை இலாபத்தைச் சுருக்கிக் காட்டுவதோடு, எஞ்சிய இருப்பையும் பழைய விலையிலேயே நிறுத்துகின்றது. அமெரிக்காவில் வரிக் கணிப்புக்கு இம்முறை 1939 முதல் பரவலாக அனுமதிக்கப்பட்டது. சர்வதேச நியமமோ 2005 முதல் அதை விலக்கியுள்ளது. 2012 முதல் நடைமுறையிலுள்ள இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 உம் அவ்வாறே. இருப்பைக் கிரயம், தேறிய தேறத்தக்க பெறுமதி என்னும் இரண்டில் குறைந்ததற்கு மதிப்பிடுமாறும் அது பணிக்கின்றது.

இது ஏட்டளவான விவாதமன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. அத்தகைய காலங்களில் நிறுவனத்தின் இலாபத்தை முன்வைத்துச் சம்பளம் கோரும் தொழிற்சங்கமும், வரி விதிக்கும் அரசும், பங்கிலாபம் நாடும் முதலீட்டாளரும் ஒரே எண்ணையே நோக்குகின்றனர். அவ்வெண் எம்முறையாற் பிறந்தது, அதில் விலையேற்றத்தின் பங்கு எவ்வளவு என வினவாது எவரும் முடிவுக்கு வருதல் தகாது. கணக்கறிக்கையில் இருப்பு மதிப்பீட்டுக் கொள்கையைக் கூறும் அச்சிறு குறிப்பையே நாம் முதலில் வாசித்தல் வேண்டும்.