வழக்கா, இணக்கமா?

தந்தையார் விட்டுச்சென்ற நிலம் இரண்டு ஏக்கர், கிணறு ஒன்று. அண்ணனும் தம்பியும் நீதிமன்றப் படியேறுகின்றனர். ஆண்டுகள் கழிகின்றன. ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கு மற்றவர் செல்வதில்லை. இறுதியில் வழக்கில் வென்றவரும் உடன்பிறப்பை இழந்து நிற்கிறார். இத்தகைய குடும்பங்களை நம்முள் அறியாதார் யார்?

இவர்களுக்கு வேறொரு வழியுண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, வழக்கைச் சமரசத்திற்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு இடமளிக்கிறது. 2002 ஜூலை முதல் இது நடைமுறையில் உள்ளது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2005 ஏப்ரல் 9ஆம் நாள் சமரச மையம் தொடங்கப்பெற்றது. இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் இம்மையங்கள் இயங்குகின்றன.

சமரசர் தீர்ப்புக் கூறுபவர் அல்லர். இரு தரப்பினரையும் ஒன்றாக அமர்த்தியும், தனித்தனியே அழைத்தும் பேசுகிறார். அங்குப் பேசியவை வெளியே செல்லா. பின்னர் வழக்கில் சான்றாகவும் ஆகா. நிலப் பங்கீட்டோடு, கிணற்று நீரை எவர் எந்நாள் இறைப்பது, தாயாரை எவர் பேணுவது என்பனவற்றையும் ஒருங்கே பேசி முடிக்கலாம். உடன்பாடு எழுத்தில் அமைந்து இருவரும் கையொப்பமிட்டால், அதன்படி நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கும். செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். உடன்பாடு ஏற்படாவிடில், வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒன்றை மறத்தலாகாது. அடி உதைக்கு அஞ்சி வாழும் பெண்ணிடம், "அனுசரித்துப் போ" என்று வற்புறுத்துவது சமரசமன்று. அச்சத்தால் இடும் கையொப்பம் உடன்பாடும் அன்று.

அன்பர்களே, உங்கள் வழக்கு நிலுவையில் இருக்கிறதா? அடுத்த வாய்தாவுக்கு முன், அதைச் சமரச மையத்திற்கு அனுப்பக் கேட்குமாறு உங்கள் வழக்கறிஞரிடம் கூறுங்கள். தாயார் கண்மூடுமுன் அண்ணனும் தம்பியும் ஒரே பந்தியில் அமரட்டும்.