உப்பு ஏறியவருக்கு நெஞ்சுவலி வராமலும் போகலாம்

விருத்தாசலம் பக்கம் ஒருவருக்குச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கூடிவிட்டால் “உப்பு ஏறிடுச்சு” என்பார்கள். அடுத்த கவலை டயாலிசிஸ் பற்றித்தான். நியாயமான கவலை. ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட, அதற்கு முன்பே இறந்துவிடுகிறவர்கள் அதிகம். அந்த இறப்புகளுக்கு முதன்மைக் காரணம் இதயமும் ரத்தக்குழாயும்தான்.

சிறுநீரகம் தளரும்போது ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்குகிறது. எலும்பில் இருக்க வேண்டிய கால்சியம் ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்து அதை இறுகச் செய்கிறது. ரத்தக்கொதிப்பும் ரத்தசோகையும் கூடவே சேர்ந்துகொள்கின்றன. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகள் இப்படித்தான் அடைபடுகின்றன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார் என்று வீட்டார் எதிர்பார்க்கக் கூடாது. இவர்களில் பலருக்கு வலியே வராது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், காரணமில்லாமல் வியர்க்கும், மேல்வயிறு அழுத்தும். “வாயுப் பிடிப்பு” என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பதுதான் உயிரைக் குடிக்கிறது.

சிறுநீரகம் கெடுவதற்கு இந்த ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரப் பியூஸ் கேரியரும் செய்யும் செராமிக் பட்டறைகளில், அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த உருப்படியின் பிசிறைச் சீவும்போது வெள்ளைத் தூசி புருவம்வரை படிகிறது. அதில் இருக்கும் சிலிகா நுரையீரலைக் கெடுப்பது தெரிந்ததே. நீண்ட காலம் சுவாசித்தவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு கூடுவதையும் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சூளையடி வெப்பத்தில் நாள் முழுக்க வியர்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது அடுத்த அடி. இடுப்புவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் மாத்திரையோ சிறுநீரகம், இதயம் இரண்டையும் தாக்கும். தூசியை உலர்வாகப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, தூசி உறிஞ்சும் வசதி, சரியான முகக்கவசம், குடிநீர், மருத்துவப் பரிசோதனை இவற்றை முதலாளியிடம் உரிமையோடு கேளுங்கள். சிலிகா தூசியால் நுரையீரலில் வரும் சிலிகோசிஸ் சட்டம் ஏற்ற தொழில்நோய். அதற்கு இழப்பீடு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. அட்டை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்கள் வருடம் ஒருமுறை கிரியேட்டினினோடு சிறுநீரில் அல்புமினும் பார்க்க வேண்டும். பல நேரங்களில் கிரியேட்டினின் ஏறுவதற்கு முன்பே அல்புமின் காட்டிக்கொடுத்துவிடும். நோய் உறுதியானால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 2011இல் வெளியான ஷார்ப் ஆய்வில், ஸ்டாட்டினும் எசிடிமைபும் சேர்ந்து சிறுநீரக நோயாளிகளின் ரத்தக்குழாய் அடைப்பு விபரீதங்களைச் சுமார் ஆறில் ஒரு பங்கு குறைத்தன.

மூச்சுத் திணறினால் 108ஐக் கூப்பிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம்தான் பக்கத்தில் என்றால் முதலில் அங்கே போகலாம். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எங்கே போனாலும் முதல் வார்த்தையாகக் கிரியேட்டினின் அளவைச் சொல்லுங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு, மாரடைப்பைக் கண்டறிய ரத்தத்தில் பார்க்கும் டிராபோனின் எப்போதுமே சற்றுக் கூடுதலாக இருக்கக்கூடும் என்பதால், சில மணி நேரம் கழித்து மறுபடியும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

ஆஞ்சியோவுக்குச் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். மாரடைப்பு நேரத்தில் அந்தப் பயத்துக்காக மட்டும் ஆஞ்சியோவைத் தள்ளிப்போடுவது சரியல்ல. நிலை சீராக இருப்பவருக்கு அவசரம் இல்லை. முற்றிய சிறுநீரக நோயோடு இதய அடைப்பும் இருந்த 777 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. முதலிலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனவர்களுக்கு மருந்தோடு தொடங்கியவர்களைவிட மரணமோ மாரடைப்போ குறையவில்லை. ஆகவே “இது இன்றே அவசியமா, மருந்தோடு பார்க்கலாமா?” என்று கேட்பது நோயாளியின் உரிமை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் ஸ்டென்ட் சிகிச்சையும் உண்டு. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவரும் முதலுதவி மறுக்கக் கூடாது என்பது 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் அலட்சியத்தால் பாதிப்பு வந்தால், இரண்டு ஆண்டுக்குள் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். அங்கே முதலில் கேட்பது அந்த நகல்களைத்தான். டிஸ்சார்ஜ் ஆகும்போதே எழுதிக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.