மழை நாளில் மணவிழாப் படம்

தமிழகத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களும் அப்போதுதான் வருகின்றன. மழைக்காகத் தாலி கட்டும் நேரம் காத்திருப்பதில்லை. அந்த நொடி மீண்டும் வருவதுமில்லை. அதைப் படமாக்க வேண்டிய புகைப்படக்காரரின் பாட்டைச் சற்றுக் காண்போமா?

முதலில் வீட்டு வாசற்பந்தல். மழைக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய் வழியே வரும் ஒளி, மணமகளின் முகத்தையும் நீலமாக்கிவிடும். ஆகவே வெளிச்சம் படும் பந்தலோரத்திற்கு மணமக்களை அழைத்து நிறுத்துவார். மேகம் மூடிய வானத்தின் ஒளி மென்மையானது. முகத்தில் கடுநிழல் விழாது.

தேவாலயத்திலோ மழை இருட்டு. வழிபாட்டு வேளையில் அடிக்கடி பிளாஷ் அடிப்பதும் முறையன்று. எனவே லென்சின் துவாரத்தை அகலத் திறந்து, ஷட்டரை மெதுவாக இயக்கி, கை அசையாமல் படம் எடுப்பார்.

குளிரூட்டிய மண்டபத்தில் வேறு தொல்லை. அங்கிருந்து மாப்பிள்ளை அழைப்புக்காக வெளியே ஓடினால், ஈரக்காற்று பட்டுக் குளிர்ந்த லென்ஸ் மங்கிவிடும். ஐஸ் நீர் ஊற்றிய டம்ளர் வெளிப்புறம் வியர்ப்பதும் இவ்வாறே. ஆகையால் காமிராவைப் பையிலிட்டு மூடி, முன்னதாகவே வெளியே வைத்துவிடுவார்.

கொட்டும் மழையில் காமிராவிலிருந்து பிளாஷ் அடித்தால், அருகிலுள்ள துளிகள் வெள்ளைப் புள்ளிகளாகிப் படத்தைக் கெடுக்கும். விளக்கை மணமக்களுக்குப் பின்னால் வைத்தாலோ, அதே துளிகள் முத்துச்சரமாய் மின்னும்!

விழா முடிந்தும் அவருக்கு ஓய்வில்லை. ஈரம் தங்கினால் லென்சில் பூஞ்சை படரும். துடைத்து உலர்த்தியே உறங்கச் செல்வார்.

தோழியரே, இனி மணவிழா ஆல்பத்தைப் புரட்டும்போது, அதில் இடம்பெறாத அந்த ஒருவரையும் நன்றியோடு நினைப்போம்.