கேட்டுச் சாப்பிட வேண்டிய வீடு

"அண்ணே, பையனுக்கு வெளிநாட்டுக் காலேஜ் ஹாஸ்டல்ல இடம் இல்லையாம். அங்கேயே ஒரு குடும்பத்தோட தங்கிப் படிக்கலாம்ங்கிறாங்க. நம்பி அனுப்பலாமா?"

அந்தமான் லம்பா லைன் டீக்கடையில் இதைக் கேட்டவருக்கு அவசரம். ஏஜெண்ட் முன்பணம் கேட்டு நெருக்குகிறார். ஒரு டீக்குள் சொல்லி முடிகிற சங்கதி இல்லை என்பதால் இரண்டாவது டீயும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அவரிடம் சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

தீவுக்காரர்களுக்கு இது புது அனுபவம் இல்லை. கச்சாலிலிருந்தோ கேம்ப்பெல் பேயிலிருந்தோ வந்து போர்ட் பிளேரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். பிளஸ் டூ முடித்து, மூன்று நாள் கப்பலில் போய், சென்னையில் சித்தி வீட்டில் இருந்து படித்தவர்களும் உண்டு. சித்தி சோற்றுக்குக் காசு வாங்கமாட்டார். ஆனால் தம்பிக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டும், ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டும், கேஸ் சிலிண்டர்காரர் வரும் நாளில் வீட்டில் இருக்க வேண்டும். இதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு வீட்டிலும் இப்படி எழுதாத சட்டங்கள் உண்டு. அவை நம் பிள்ளைக்குத் தெரியாது, தெரியாது என்பது அந்த வீட்டுக்காரருக்கும் தெரியாது. தொல்லை முழுக்க இங்கேதான் பிறக்கிறது.

முதலில் காசு விஷயம். பல நாடுகளில் கல்லூரி மாணவர்களுக்குக் கிடைக்கும் ஹோம்ஸ்டே, வாரத்துக்கோ மாதத்துக்கோ இவ்வளவு என்று பணம் கட்டித் தங்குவது. பெரும்பாலும் காலை உணவும் இரவு உணவும் அதில் அடக்கம். மதியம் நம் பாடு. இதில் வீட்டுக்காரர் பாதி உறவு, பாதி வாடகை. இன்னொரு வகை, பள்ளிப் பிள்ளைகளுக்கான பரிமாற்றத் திட்டம். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1947 முதல், ஏ.எஃப்.எஸ். அமைப்பு இதைச் செய்துவருகிறது. போர்க்களத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள் தொடங்கிய அமைப்பு அது. அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் இப்படிப் போகும் பள்ளி மாணவரை ஏற்கும் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. கொடுக்கவும் கூடாது என்பது அந்நாட்டு விதி. அதே விதி இன்னும் நுணுக்கமாகவும் போகிறது. பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும், அது காற்றடிக்கும் மெத்தையாகவோ சோபாவை விரித்துச் செய்ததாகவோ இருக்கக் கூடாது. திட்டத்தின் உள்ளூர்ப் பொறுப்பாளர் 120 மைலுக்குள் வசிக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது பிள்ளையிடம் பேச வேண்டும். பிரிட்டனில் 16 வயது நிரம்பாத பிள்ளை, நெருங்கிய உறவில்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ இருந்தால், அந்த ஊர் கவுன்சிலுக்குச் சொல்லியாக வேண்டும். பதினெட்டு தாண்டி கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. டீக்கடையில் கேட்டவரின் மகனுக்கும் இல்லை.

விதிகள் கட்டிலைப் பார்த்துக்கொள்ளும். கூச்சத்தை எந்த விதி பார்த்துக்கொள்ளும்?

1888-இல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தி, வெஸ்ட் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாள் வீட்டில் தங்கினார். இறைச்சி தொடமாட்டேன் என்று தாய்க்குச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் போனவர் அவர். நன்றாகச் சாப்பிடக்கூடியவர்தான், முன்னால் வைத்ததற்கு மேல் கேட்கக் கூச்சம், அரைப் பட்டினி. வீட்டுப் பெண்கள் இருவரும் இன்னும் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி உபசரித்தார்கள். அவர் வயிற்றுக்கு ஒரு ரொட்டி முழுசாக வேண்டும் என்பதை அவர்கள் எப்படி அறிவார்கள்? இதெல்லாம் அவரே தன் சத்திய சோதனையில் எழுதியிருப்பது. ஊரில் சைவ உணவகங்கள் இருக்கின்றன என்று அவருக்குச் சொன்னதும் அதே அம்மாள்தான். நாள்தோறும் மைல்கணக்கில் நடந்து தேடி, ஃபாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டுபிடித்தார். அந்த வீட்டை மோசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நம்மவர் கதைக்கு வருவோம். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பலேறிய கணித மேதை ராமானுஜனை, ஏப்ரல் 14-இல் லண்டன் துறைமுகத்தில் காரோடு காத்திருந்து அழைத்துக்கொண்டவர் எரிக் நெவில். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக்கு விரிவுரையாற்ற வந்து, ராமானுஜனைச் சந்தித்துப் பேசி, கடல் கடக்கச் சம்மதிக்க வைத்தவரும் அவரே. கேம்பிரிட்ஜில் செஸ்டர்டன் சாலையில் இருந்த தன் வீட்டிலேயே தங்கவைத்தார். நெவிலும் மனைவி ஆலிஸும் புதிதாக மணமானவர்கள். இதைவிட நல்ல குடும்பம் எந்த மாணவனுக்கும் வாய்க்காது. ஆனாலும் ஜூன் மாதம் ராமானுஜன் டிரினிட்டி கல்லூரியின் வீவெல்ஸ் கோர்ட் அறைக்கு மாறிவிட்டார். அவரோடு ஆய்வு செய்த கணிதவியலாளர் ஹார்டியின் அறை பக்கம், வேலைக்கு வசதி, தன் அடுப்பில் தானே சமைத்துக்கொள்ளலாம்.

பிறகு குளிர் வந்தது. புள்ளியியல் மேதை மகலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். ஒருநாள் ராமானுஜனைப் பார்க்கப் போனவர், இரவில் ஓவர்கோட்டும் சால்வையுமாகத் தூங்குகிறார் என்பதை அறிந்து, கம்பளி போதவில்லையோ என்று கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் நிறையவே இருந்தன, மெத்தைக்கடியில் இறுகச் செருகியபடி. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தக் கதையைச் சிரிப்புக்காகச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அதற்கு முன் சில வாரம் அவர் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் வீட்டில், அவர்கள் போட்ட கட்டிலில்தான் படுத்திருந்தார். அன்பான வீட்டில்கூட, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் விருந்தாளி எப்படித் தூங்குகிறார் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளை வாய் திறந்து கேட்டால்தான் உண்டு. (பின்னால் ராமானுஜன் உடல் கெட்டதற்குக் குளிரும் தனிமையும்தான் காரணம் என்று அடித்துச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். காசநோய் என்றார்கள் அன்றைய மருத்துவர்கள். அமீபாவால் வந்த கல்லீரல் நோயாக இருக்கலாம் என்று 1994-இல் டி.ஏ.பி. யங் என்பவர் வாதிட்டார்.)

விருந்து கொடுப்பவருக்கும் மனசு உண்டு என்பதற்கும் ராமானுஜனே சாட்சி. சாட்டர்ஜி என்ற நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் இன்னொரு தோழியையும் தன் அறைக்குச் சாப்பிட அழைத்து, தானே சமைத்த ரசத்தைப் பரிமாறினார். இரண்டு முறை வாங்கிக் குடித்த பெண்கள் மூன்றாம் முறை வேண்டாம் என்றார்கள். மனிதர் சத்தமில்லாமல் வெளியேறிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து, ஐந்து பவுண்டு அனுப்பு என்று சாட்டர்ஜிக்குத் தந்தி வந்தபோதுதான் எங்கே போனார் என்று தெரிந்தது. 'வேண்டாம்' என்ற ஒரு சொல் அவரையே இப்படிக் குத்தியதென்றால், நாம் தட்டை ஒதுக்கிவிட்டு மாடியறையில் ஊறுகாய் பாட்டிலைத் திறக்கும்போது அந்த வீட்டு அம்மாளுக்கு எப்படி இருக்கும்?

நம் பிள்ளைக்குச் சில விஷயங்கள் கைவந்தவை. டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஐந்து மணி இருட்டில் வளர்ந்த அந்தமான் பிள்ளை அதற்கு அதிகம் மிரளாது. வெந்நீர்த் தொட்டி தீர்ந்துவிடும், சீக்கிரம் குளித்துவிட்டு வா என்று வீட்டுக்காரர் சொன்னால் சென்னைப் பிள்ளை முகம் சுளிக்கலாம். தனிக்காரி அணை வற்றினால் குழாயில் என்ன வரும் என்று பார்த்து வளர்ந்தவன் ஏன் சுளிக்க வேண்டும்?

கைவராத ஒன்று, போன். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு லம்பா லைனிலும் வீடியோ கால் ஒழுங்காக எடுக்கிறது. நல்லதுதான். ஆனால் குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். நாம் தூங்கும் முன் பிள்ளையைப் பார்க்க நினைக்கும் இரவு பதினொன்றரை, அங்கே சாயங்காலம் ஆறு. அந்தக் குடும்பம் மேசையில் கூடுகிற நேரம். அந்த நேரத்தில் தினம் அம்மாவோடு பேசும் பிள்ளை, ஆறு மாதம் கழித்தும் அந்த வீட்டில் வாடகைக்காரனாகவே இருப்பான்.

அனுப்பலாமா என்றால், அனுப்பலாம் என்பதே என் கருத்து. தனி அறை எடுத்து மூன்று தமிழ்ப் பையன்களோடு தங்குவது சுலபம், மொழியும் ஊரும் அதில் வசப்படாது. அனுப்பும் முன் ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: சாப்பாடு எத்தனை வேளை, அடுப்பைத் தொடலாமா, அறைக் கதவுக்குப் பூட்டு உண்டா, ஒத்துவராவிட்டால் எத்தனை நாளில் வேறு வீடு, கட்டிய பணம் திரும்புமா, நடுராத்திரியில் யார் போனை எடுப்பார். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: முதல் நாளே, வெட்கப்படாமல், வீடு முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும், ரொட்டி எத்தனை எடுக்கலாம் என்பது உட்பட. இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத ஏஜெண்டுக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.