இல்லத்து அறையும் ஒலியும்

கொட்டகலைத் தோட்டத்து லயக் காம்பராவின் தகரக் கூரையில் மழை கொட்டுங்கால், பாடம் படிக்கும் மாணவனுக்குத் தன் குரலே கேளாது. இக்குறையை நீக்க விழைவோர், ஒலியின் இருவகைத் தொல்லைகளை முதலிற் பகுத்தறிதல் வேண்டும்.

அறையினுள் எழும் ஒலி வன்சுவர்களிற் பட்டு மீள்வது எதிர்முழக்கம். வெளியொலி உட்புகுவது இரைச்சல். முன்னதை மென்பொருள்கள் உறிஞ்சும். 1895 ஆம் ஆண்டில் ஆய்வு தொடங்கிய ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் சபைன், விரிவுரை மண்டபமொன்றில் இருக்கை மெத்தைகளைப் பரப்பி இதனை அளந்து காட்டினார். சுவரோரம் தொங்கும் கம்பளியும் இப்பணியை ஓரளவு ஆற்றும்.

இரைச்சலுக்கோ துணி மருந்தாகாது. தகரத்தின் கீழ் இடைவெளி விட்டுப் பலகையால் உட்கூரை அமைத்தலும், இடைச்சுவர் கூரையைத் தொடாவிடின் அவ்வெளியை அடைத்தலுமே தக்கன. ஆயினும் அடுப்புப்புகை வெளியேறும் வழியை அடைத்தலாகாது. செவிக்கு நலந்தேடி மூச்சுக்கு ஊறு விளைத்தல் அறிவுடைமையன்று.