சிறுவாணிகமும் கணனிக் கருவிகளும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி நோக்கிச் செல்லும் வீதியில், உப்புவெளியைக் கடந்ததும் வருவது சாம்பல்தீவு. கடலும் களப்பும் அருகருகே அமைந்த இவ்வூரில் மீன் பிடிப்பாரும் கருவாடு காயவைப்பாரும் என்றும் உளர். இன்று அவர்தம் மக்களுட் சிலர், கரையில் வந்து விலைபேசும் முதலாளியை நம்பியிராது, கொழும்பிலும் கண்டியிலும் உள்ள இல்லங்களுக்கு நேரே விற்க விரும்புகின்றனர். கைத்தொலைபேசி அதற்கு வழி திறந்துவிட்டது. ஆயினும் எந்த மென்பொருளைக் கொள்வது, எதற்குப் பணங் கொடுப்பது என்ற வினாவிலே பலர் தயங்கி நிற்கின்றனர். வேறு சிலர் தயங்காது இறங்கிக் கைம்முதலை இழக்கின்றனர். அந்த இரண்டாங் கூட்டத்தில் நாமும் ஒருகால் இருந்தோமாதலின், இதனை எழுதும் உரிமை எமக்கு உண்டெனக் கருதுகிறோம்.

2021 ஆம் ஆண்டின் இறுதியில், எமது தமக்கையாரின் கருவாட்டு வாணிகத்துக்கென அந்நிய நாட்டுத் தளமொன்றில் இணையக் கடை திறந்தோம். மாத வாடகை 30 டொலர். அன்று டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தமையால், வாடகை 6,000 ரூபா அளவில் நின்றது. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியது. கடை அதே கடை, கருவாடு அதே கருவாடு. வாடகை மட்டும் 10,800 ரூபா! மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையிற் கிடந்த நாள்கள் அவை. கடையை மூடினோம். வாடிக்கையாளரின் பெயரும் முகவரியும் அடங்கிய பட்டியலை முன்னரே வெளியே எடுத்து வைக்கத் தெரியாமையால், கடையோடு அதுவும் போயிற்று.

பின்னர் வட்ஸ்அப் ஒன்றையே துணையாகக் கொண்டோம். 2018 இல் வெளிவந்த அதன் வணிகச் செயலிக்கு விலை இல்லை. பொருளின் படமும் விலையும் காட்டும் பட்டியல், வினவுவோர்க்குத் தானே விடைகூறும் வாழ்த்துரை, கட்டளைகளை வகைபிரிக்கும் அடையாளங்கள் ஆகியன அதில் உள. தொடங்குவோர்க்கு இது போதும் என்றே இன்றும் சொல்வோம். ஆனால் ஒருநாள் அத்தொலைபேசி களப்பில் விழுந்தது. கட்டளைகள் யாவும் உரையாடல்களுக்குள்ளேயே கிடந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. யார் நெத்தலி கேட்டார், யார் முற்பணம் கட்டினார் என்பதைத் தமக்கையார் நினைவிலிருந்து மீட்க ஒரு வாரம் சென்றது. முற்பணங் கட்டிய இருவர் இன்றுவரை எம்மிடம் திரும்பவில்லை.

ஆதலால், முதலில் தேடவேண்டிய கருவி கடைமுகப்பு அன்று, கணக்கேடு. லிப்ரே ஒபிஸ் என்னுந் தொகுதியில் உள்ள விரிதாள் இதற்குச் சாலும். அது கட்டற்ற மென்பொருள் வகையைச் சேர்ந்தது. 1983 இல் அமெரிக்கரான ரிச்சட் ஸ்டோல்மன் தொடக்கிய இவ்வியக்கத்தில், கட்டின்மை என்பது விலையின்மையை மட்டும் குறிப்பதன்று. எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்குக் கொடுக்கலாம் என்பதே பொருள். வாடகை உயரும் என்ற அச்சம் இல்லை. விரிதாளில் மீனின் கொள்விலை, உப்பு, பொதி, அனுப்புகூலி ஆகியவற்றைத் தனித்தனி நிரலாக இட்டபோதுதான், ஒரு கிலோவுக்குக் குறைந்த கட்டளைகளில் நாம் நட்டப்பட்டு வந்தது தெரிந்தது. ஓராண்டு விற்றும் அறியாத செய்தி அது.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்மவர் பலர் இன்னும் பாமினியில் தட்டச்சுச் செய்கின்றனர். அவ்வெழுத்துரு இல்லாத கணனியில் விலைப்பட்டியல் ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். யூனிகோட்டில் எழுதினால் எங்குந் தமிழாகவே நிற்கும், தேடுவோர்க்கும் அகப்படும்.

பணம் பெறுவதில் வெளிநாட்டு நூல்கள் கூறும் வழி இங்கே உதவாது. பேபால் வாயிலாக இலங்கையிலிருந்து பணம் அனுப்பலாம். பெறுதற்கு 2024 வரையிலும் வழி இருக்கவில்லை. உள்நாட்டுக்கு வங்கி மாற்றும், மத்திய வங்கி வகுத்த லங்காக்யூஆர் முறையும், பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் கூரியர் சேவையும் உள.

கட்டளைகள் பெருகிய பின்னரே சொந்தத் தளம் வேண்டும். வேர்ட்பிரஸ், அதனோடு இணையும் வூகொமர்ஸ் இரண்டும் கட்டற்றவை. எனினும் தள முகவரிக்கும், தளத்தைத் தாங்கும் வழங்கிக் கணனிக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு. அதைப் பராமரிக்க ஒருவர் வேண்டும் என்பதையும் மறைத்தல் ஆகாது. அது இயலாதார், தென்காசிக்கருகே மத்தளம்பாறைச் சிற்றூரிலும் பணிமனை நடத்தும் சோகோ போன்ற நிறுவனங்கள் விலையின்றி வழங்கும் பற்றுச்சீட்டு மென்பொருளைக் கொள்ளலாம். எதை எடுப்பினும் முதல் நாளிலேயே ஒன்றைச் சோதிக்க: பதிந்த விபரங்கள் யாவும், காற்புள்ளியாற் பிரித்த எளிய கோப்பாக வெளியே வருகின்றனவா? வாராவிடின், அது இலவசமாயினும் வேண்டா.

தமக்கையார் இப்பொழுது இரவு உணவுக்குப் பின் அன்றைய கட்டளைகளை விரிதாளில் ஏற்றி, அதன் பிரதியொன்றை மருமகனின் கணனிக்கு அனுப்பிவிட்டே உறங்கச் செல்கிறார்.